கை தூக்கினால் சிரிக்க வேண்டும்

இந்திராநகரில் ஒரு பழைய கிடங்கின் மாடியை ஹாலாக மாற்றியிருந்தார்கள். அதன் முன்வரிசையில் பன்னிரண்டு பெண்கள் ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே எட்டு விளக்குகள். அவற்றில் மூன்றாவது தமயந்தியின் உச்சந்தலையைக் குறிவைத்தே எரிந்தது. அவள் வைத்திருந்த மல்லிகைச் சரம் வெந்த சேமியா மாதிரி துவண்டு தோளில் விழுந்திருந்தது.

"ஏன் மஞ்சுநாத், ஃபேனு கீனு ஒண்ணும் கிடையாதா?"

"ஃபேன் சத்தம் மைக்ல விழும் அக்கா. ஸ்வல்ப பொறுத்துக்கோங்க. இன்னும் அஞ்சு நிமிஷம்."

"இதே அஞ்சு நிமிஷத்த நீ மத்தியானத்துலேர்ந்து சொல்றியே, அது என்ன ரப்பரா?"

மஞ்சுநாத் ஆள் சேர்த்துக் கொடுப்பவன். டிவி நிகழ்ச்சிகளுக்குக் கைதட்டவும் சிரிக்கவும் ஆட்கள் தேவைப்படும். ஞாயிறுதோறும் மர்பி டவுனுக்கும் ஈஜிபுராவுக்கும் வேன் அனுப்பி அள்ளிக்கொண்டு வருவான். நாள் கூலி உண்டு, ஒரு புலாவ் பொட்டலம் உண்டு. கன்னடச் சமையல், தெலுங்குப் பாட்டுப் போட்டி, இந்தியில் யாரோ சாமியாரின் பிரசங்கம் என்று எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். மஞ்சுநாத் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கையைத் தோள்வரை தூக்கினால் தட்ட வேண்டும். தலைக்கு மேலே தூக்கினால் சிரிக்க வேண்டும். இறக்கினால் நிறுத்த வேண்டும். முகம் மேடையைப் பார்க்க வேண்டும், கண் மஞ்சுநாத்தைப் பார்க்க வேண்டும். மேடையில் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுப்பதெல்லாம் புதிதாக வந்தவர்களின் பழக்கம்.

தமயந்தி ஒன்பது வருடமாக வருகிறாள். அவளுடைய சிரிப்பு அந்தத் தொழிலில் பேர்போனது. ஆட்டோ ஸ்டார்ட் ஆவதுபோல அடிவயிற்றில் இரண்டு இழுப்பு இழுக்கும், மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் லேசில் அணையாது. ஒருமுறை அல்சூர் ஏரிப் பக்கம் பஸ்ஸில் போகையில் அவள் சிரித்ததைக் கேட்டு, பெல்ட் அறுந்துவிட்டதாக எண்ணிய டிரைவர் வண்டியை ஓரங்கட்டி முப்பது பேரைக் கீழே இறக்கி, தானே அடியில் படுத்துப் பார்த்தார். தெலுங்குக்காரர்கள் அந்தச் சிரிப்பைத் தனியாகப் பதிவுசெய்து வைத்துக்கொண்டார்கள். தான் போகவே போகாத நிகழ்ச்சிகளில்கூட தன் சிரிப்பு ஒலிப்பதைத் தமயந்தி வீட்டிலிருந்தபடியே பலமுறை கேட்டிருக்கிறாள். அதற்கெல்லாம் புலாவ் வரவில்லை.

இது ஞாயிற்றுக்கிழமைச் சங்கதி. மற்ற நாட்களில் அவள் காக்ஸ் டவுனில் ஒரு நர்சரிப் பள்ளியின் ஆயா. பதினோரு வருடம் ஆகிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று நாற்பது குழந்தைகள் ஒன்றாக அழும். டீச்சர்கள் பிஸ்கட்டைக் காட்டுவார்கள், பொம்மையை ஆட்டுவார்கள், கடைசியில் தாங்களும் அழும் நிலைக்கு வருவார்கள். அப்போது தமயந்தி நடு ஹாலில் வந்து நின்று ஒரு சிரிப்புச் சிரிப்பாள். முப்பத்தொன்பது குழந்தைகள் இது என்ன மிருகம் என்று பார்ப்பதற்காக அழுகையை நிறுத்தும். நாற்பதாவது அதற்குள் சிரித்துக்கொண்டிருக்கும். வேலை என்றால் அவளுக்கு அதுதான் வேலை. வீட்டு வாடகை, மகள் விஜியின் கல்யாணத்துக்கு என்று போடும் சீட்டு எல்லாமே பள்ளியில் ஆயாவுக்குக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சேலையில்தான் நின்றது.

அன்றைக்கு அந்த ஹாலுக்கு அவர்கள் வந்திருக்கவே கூடாது. முன்வரிசைக்குக் காலேஜ் பிள்ளைகளைத்தான் சொல்லியிருந்தார்கள். அந்த வேன் சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டது. இன்னும் அங்கேயேதான் நிற்கிறது என்று மர்பி டவுனில் ஒரு பேச்சு உண்டு. மஞ்சுநாத்துக்கு வேறு வழி தெரியவில்லை. காலையில் சமையல் நிகழ்ச்சி முடித்த பெண்களை, கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளுமாக மினுங்கிய சேலைகளோடு அப்படியே கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

மேடைக்கு வந்தவன் பெயர் ரித்விக். முப்பது வயது இருக்கும், பேன்ட்டில் இரண்டு முட்டியும் கிழிந்திருந்தது. தனியாக நின்று இங்கிலீஷில் பேசிப் பேசியே சிரிக்க வைப்பது அவன் பிழைப்பு. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் பின்னால் இருட்டில் இருந்தார்கள். கேமராவின் கண்ணுக்கு முன்வரிசைதான் தெரியும்.

டிவி நிகழ்ச்சி என்றால் மஞ்சுநாத் கையில் ஒரு தாள் இருக்கும். எந்த இடத்தில் சிரிப்பு, எந்த இடத்தில் தட்டு என்று அதில் எழுதியிருக்கும். இங்கே தாள் இல்லை. மஞ்சுநாத்தின் இங்கிலீஷ், வேன் பார்க்கிங் வரைக்கும் போகும், அதற்கு மேல் போகாது. ஆகவே அவனே ஒரு கணக்கு வைத்துக்கொண்டான். ரித்விக் பேச்சை நிறுத்திக் கூட்டத்தைப் பார்த்தால் கையைத் தூக்குவது. நாற்பது நிமிடம் அந்தக் கணக்கு பிசகவில்லை. தமயந்தியின் சிரிப்பு முதலில் கிளம்பும், மற்ற பதினொன்றும் அதன் பின்னால் ஏறிக்கொள்ளும், அப்புறம் இருட்டில் இருந்தவர்களும் சிரிப்பார்கள். ரித்விக்குக் குஷி தாங்கவில்லை.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் கடைசியாகக் கொஞ்சம் சோகம் வைப்பார்கள் என்பது மஞ்சுநாத்துக்குத் தெரியாது. ரித்விக் குரலைத் தாழ்த்தித் தன் நிச்சயதார்த்தம் முறிந்த கதையைச் சொன்னான். அந்தப் பெண் மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்த இடத்தில் பேச்சை நிறுத்தினான். கண் கலங்கியிருந்தது. கூட்டத்தைப் பார்த்தான்.

மஞ்சுநாத் கையைத் தூக்கினான்.

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். தமயந்தியின் சிரிப்பு மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டு கூரைத் தகரத்தை அதிர வைத்தது. ரித்விக்கின் முகம் கோணிற்று. மைக்கைப் பிடித்தபடி மேடை விளிம்புக்கு வந்து, விரலை நீட்டி, கத்த ஆரம்பித்தான். மஞ்சுநாத்துக்கு அப்போதுதான் உறைத்தது. "போதும் சார், விட்டுடுங்க சார்" என்று சொல்லிப் பார்த்தான், சிரிப்புச் சத்தத்தில் அது எடுபடவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி மேடையைப் பார்த்து ஆட்டினான்.

இரண்டு கைக்குச் சட்டம் எதுவும் இல்லை. தமயந்தி ஒரு கணம் யோசித்தாள். ஒரு கை என்றால் சிரிப்பு, இரண்டு கை என்றால் இரட்டிப்பு. அவள்தான் அங்கே சீனியர். அவள் இரட்டிப்பாகச் சிரித்தாள், மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ரித்விக் எவ்வளவு கத்தினானோ அவ்வளவு சிரித்தார்கள். மஞ்சுநாத் எவ்வளவு ஆட்டினானோ அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். ஒரு நிமிடம் பத்து நொடி. இருட்டில் இருந்த யாரோ அதைச் செல்போனில் பிடித்துவிட்டார்கள்.

மறுநாள் சாயந்திரம் விஜி கடையிலிருந்து அரை மணி முன்னதாகவே வந்தாள். மாலில் துணிக்கடை பில்லிங்கில் இருப்பவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் செல்போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"யாரும்மா இது?"

"நாந்தான். ஏன், புடவை நல்லால்லயா?"

"அவன் என்ன சொல்றான்னு தெரியுமா உனக்கு?"

"மஞ்சுநாத் இருக்கறப்ப அத நான் எதுக்குக் கேக்கணும்? நீதான் இங்கிலீஷ் படிச்சவளாச்சே, சொல்லு."

விஜி செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். "கறுப்பு மூஞ்சிங்கன்றான்."

"அது லைட் வெளிச்சத்துல தெரியறதுதானே. அப்புறம்?"

"வேலைக்காரிங்க, நாத்தம் அடிக்குதுன்றான்."

"காலைல சமையல் ஷோவுல ஒரு கூடை வெங்காயம் வதக்கினாங்கடி. அந்த வாடை..."

"அம்மா!"

"சரி சரி. அப்புறம்?"

"மெட்ராஸ் கும்பல், உங்க ஊருக்கு ஓடுங்கடின்றான்."

"எந்த ஊருக்கு?" தமயந்திக்கு நிஜமாகவே புரியவில்லை. "முடிஞ்சதும் நேரா மர்பி டவுனுக்குத்தானே வந்தோம். நான் பொறந்ததே இந்தச் சந்துல. இன்னும் எங்க ஓடறது?"

"இன்னொண்ணும் சொல்றான். அத நான் சொல்ல மாட்டேன்."

விஜி செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். தமயந்தி அதைப் பற்றிக் கேட்கவில்லை. விஜி குளிக்கப் போன பிறகு தானே எடுத்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். ஒரு பையன் விரலை நீட்டி வாயை அசைக்கிறான். அவனுக்கு எதிரே ஒரு கிளிப்பச்சைப் புடவைக்காரி வாயைப் பிளந்து, தொடையில் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். ஊரெல்லாம் கேட்ட தன் சிரிப்பை அவள் கண்ணால் பார்த்தது அன்றுதான். அவள் அதை மூன்று தரம் பார்த்தாள்.

இரண்டு நாளில் அதை நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அவனை ஜெயிலில் போட வேண்டும் என்றார்கள். கலைஞனை விட்டுவிட வேண்டும் என்றார்கள். டிவியில் ஆறு பேர் ஆறு கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தமயந்தியின் சிரிப்பைப் பற்றி மட்டும் பேசினார்கள். அது எதிர்ப்புச் சிரிப்பு என்றார் ஒரு பேராசிரியை. அடிமைச் சிரிப்பு என்றார் பக்கத்துக் கட்டத்துக்காரர். அவர்களே சிரித்துவிட்டார்கள், உங்களுக்கு என்ன வந்தது என்றார் மூன்றாமவர். மைக்கைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் வந்த இரண்டு பேரிடம் தமயந்தி உள்ளதைச் சொன்னாள்: "கை தூக்கினாங்க, சிரிச்சேன்." அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வேறு ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். அவள் அதையே திரும்பச் சொன்னாள்.

புதன்கிழமை பள்ளியிலிருந்து பிரின்சிபால் ருக்மிணி கூப்பிட்டனுப்பினார். பள்ளி திறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. பெஞ்சுகளுக்குப் பெயின்ட் அடித்து வெயிலில் காயவைத்திருந்தார்கள்.

"உக்காருங்க தமயந்தி. பேரண்ட்ஸ் குரூப்ல ஒரே சண்டை."

"எதுக்கு மேடம்?"

"பாதிப் பேரு, இப்படித் திட்டு வாங்கிட்டுச் சிரிக்கிறவங்ககிட்ட எங்க பிள்ளைய எப்படி விடறதுன்றாங்க. பாதிப் பேரு, பாவம், மனசு உடைஞ்சு போயிருப்பாங்க, ரெஸ்ட் குடுங்கன்றாங்க."

"அப்ப பாதிப் பேரு என் பக்கமா மேடம்?"

"நீங்க வரக்கூடாதுன்றதுல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காங்க." ருக்மிணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும். முடிஞ்சிடுச்சுன்னு ஒரு பேப்பர் இருந்தா நான் அவங்க வாய அடைச்சிடுவேன். ஸ்கூல் திறக்கறதுக்குள்ள முடிச்சிட்டு வாங்க. இல்லன்னா வேற ஆள் பாக்கணும். ஜூன்ல ஆயா இல்லாம முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்."

வெளியே வரும்போது வாட்ச்மேன் கோவிந்தப்பா கேட்டைத் திறந்துவிட்டார். பதினோரு வருடமாகக் காலை டீயை அவளோடு பாதி பாதியாகக் குடித்தவர்.

"பயப்படாதீங்கம்மா. எல்லாம் சரி ஆகும். நீங்க இல்லாம அந்தப் பிசாசுங்கள யாரு சமாளிப்பாங்க?"

வியாழக்கிழமை பாலகுமார் வந்தார். தமிழர் நல மன்றம் ஒன்றின் தலைவர். வெள்ளைச் சட்டை, கூட ஆறு பேர், ஒரு போட்டோகிராபர், ஒரு சால்வை. தமயந்தியின் வீட்டில் ஆறு பேர் நின்றால் ஏழாமவர் அடுப்பின்மேல் ஏற வேண்டும். ஆகவே சந்திலேயே நிற்கவைத்துச் சால்வை போட்டார்கள்.

"அம்மா, கொஞ்சம் சோகமா பாருங்க" என்றான் போட்டோகிராபர். "சிரிக்காதீங்க."

"நான் எங்கப்பா சிரிச்சேன்?"

"உங்க வாய் அமைப்பே அப்படி இருக்கும்மா."

பாலகுமார் ஒரு புகார் மனுவை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்கம்மா. இது உங்க ஒருத்தருக்கு நடந்த அவமானம் இல்ல, இனத்துக்கு நடந்தது. ஆமா, நீங்க ஏம்மா சிரிச்சீங்க? அதுதான் நமக்குக் கொஞ்சம் இடிக்குது."

"கை தூக்கினாங்கண்ணா."

"அத விடுங்க. பயத்துல சிரிச்சேன்னு சொல்லிடலாம்."

"எப்ப முடியும்ணா இந்தக் கேசு?"

"அவன விடவே மாட்டேன்" என்று பாலகுமார் மார்பைத் தட்டினார். "சுப்ரீம் கோர்ட் வரைக்கும் இழுப்பேன். பத்து வருஷம் ஆனாலும் சரி."

தமயந்தி மனுவை மடித்து, யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

மஞ்சுநாத் மறுநாள் தனியாக வந்தான். ஐந்து நாளில் பத்து கிலோ இளைத்திருந்தான். பெல்ட்டுக்குப் புதிதாக ஓட்டை போட்டிருந்தான். வாசல்படியில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நான் நிறுத்துங்கன்னுதான் தூக்கினேன்."

"நிறுத்தறதுன்னா இறக்கணும்டா. நீதானே சொல்லிக் குடுத்தே?"

"ஹவுது அக்கா, ஆமா. தப்பு என்னோடது. எனக்கு வேலை தர்ற கம்பெனிங்க எல்லாம் போன எடுக்க மாட்டேங்கறாங்க." சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். இங்கிலீஷில் இருந்தது. "ரித்விக் ஆளுங்க குடுத்தாங்க. அன்னிக்கி நடந்தது எல்லாம் நாடகம், முன்னாடியே பேசி வச்சிக்கிட்டது, உங்களுக்குத் தெரிஞ்சுதான் திட்டினாருன்னு எழுதியிருக்கு. பன்னெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா வெள்ளிக்கிழமையே முடிஞ்சிடும். அவரும் மேடையில ஸாரி கேக்கறாராம், உங்க முன்னாடியே. வீடியோ எடுக்கறாங்க."

"நாடகம்னு போட்டா பொய்யாச்சே?"

"பொய்தான்."

"எந்த வெள்ளிக்கிழமை?"

"வர்ற வெள்ளிக்கிழமை. ஸ்கூல் திங்கக்கிழமைதானே திறக்குது?"

விஜி உள்ளேயிருந்து வெளியே வந்தாள். "போடாதம்மா. அவன் சொன்னதுல ஒண்ண நான் உனக்குச் சொல்லவே இல்ல."

"நீ சொல்லாட்டி என்ன? சொன்னவன் மூஞ்சிலயே எழுதியிருந்துச்சு." தமயந்தி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். "ஒண்ணு பத்து வருஷம், ஒண்ணு வெள்ளிக்கிழமை. நான் ஜூன்ல வேலைக்குப் போகணும். பேனாவைக் குடு."

வெள்ளிக்கிழமை அதே ஹால். அதே எட்டு விளக்கு. இந்தத் தடவை வெளிர் நிறப் புடவை கட்டிவரச் சொல்லியிருந்தார்கள். மஞ்சுநாத் புதுச் சட்டம் சொன்னான்.

"நான் நெஞ்சுல கை வச்சா எல்லாரும் கண்ணத் துடைச்சிக்கணும். எந்தக் காரணத்துக்கும் கை மேல போகாது, சாமி சத்தியமா."

முன்ஜாக்கிரதையாக அவனுடைய வலது கையைச் சட்டைப்பையோடு ஊக்கு குத்தி வைத்திருந்தார்கள்.

ரித்விக் முட்டி கிழியாத பேன்ட் போட்டு வந்தான். மெதுவாகப் பேசினான். இரண்டு தரம் கும்பிட்டான். தமயந்தி முதல் தடவையாக மஞ்சுநாத்தைப் பார்க்காமல் மேடையைக் கவனித்துக் கேட்டாள். ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. அவன் கண் முன்வரிசையின் தலைகளுக்கு மேலே, கேமராவில் இருந்தது. ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினான், அவன் குரல் உடைந்தது. மஞ்சுநாத் நெஞ்சில் கை வைத்தான். பதினொரு பேர் கண்ணைத் துடைத்தார்கள், தமயந்தி ஒரு நொடி தாமதமாகத் துடைத்தாள்.

"என்ன சொன்னான்டா?" என்று வேனில் கேட்டாள்.

"ஸாரிதான் கேட்டிருப்பாரு அக்கா. கும்பிட்டாரே."

சனிக்கிழமை விஜி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். யாராவது வருத்தப்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்று ஒரு வரி இருந்தது. மிச்சம் எல்லாம் ஒரு வாரமாகத் தான் தூங்காமல் பட்ட பாடு. நகைச்சுவையை நகைச்சுவையாக எடுத்துக்கொண்ட இந்த அம்மாக்களிடம் ஊர் பாடம் படிக்க வேண்டும் என்று முடித்திருந்தான். முன்வரிசை அழுவதைப் பார்த்து நாற்பது லட்சம் பேரும் உருகிப்போனார்கள். அவனுடைய அடுத்த நிகழ்ச்சிக்கு மூன்று ஊரில் டிக்கெட் தீர்ந்துவிட்டது.

அதற்குக் கீழேயே பன்னிரண்டு கையெழுத்தும் உள்ள தாளைப் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. எல்லாம் நடிப்பாம், காசு வாங்கிக்கொண்டு திட்டு வாங்கினார்களாம், நாம் இவர்களுக்காகவா சண்டை போட்டோம் என்றார்கள். பாலகுமார் ஒரு ஆளை அனுப்பிச் சால்வையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தமயந்தி அதைத் துவைத்து மடித்துக் கொடுத்தாள்.

பள்ளியிலிருந்து அழைப்பு ஒன்றும் வரவில்லை. விஷயம் முடிந்துவிட்டது, பேப்பரும் இருக்கிறது, இனி எதற்கு அழைப்பு என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை நீலக் கட்டம் போட்ட சேலையைக் கட்டி, தாளின் நகலைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் காக்ஸ் டவுனில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள்.

தெருமுனையிலேயே அழுகை கேட்டது. நாற்பதும் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்தன. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எதிர்வீட்டு மாடிக்குக் குடிபோயிருந்தன. கேட்டின் கம்பி வழியே ஹால் வாசல் தெரிந்தது. அங்கே நீலக் கட்டம் போட்ட சேலையில் ஒரு சின்ன வயதுப் பெண், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். சேலை புதிது, கஞ்சி மொடமொடப்புகூடப் போகவில்லை.

கோவிந்தப்பா கேட்டுக்கு உள்பக்கம் நின்றார். கேட் பூட்டியிருந்தது, பூட்டில் சாவி இல்லை.

"கோவிந்தண்ணா, திறங்க. பேப்பர் கொண்டாந்திருக்கேன். முடிஞ்சிடுச்சு."

அவர் வாய் அசைந்தது. அழுகைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னது?"

"பேடாம்மா, வேணாம்." கம்பிக்கு அருகில் வந்து கத்தினார். "அந்தப் பேப்பர பேரண்ட்ஸும் பாத்துட்டாங்க. நடிக்கிறவங்க இங்க வேணாம்னு நேத்தே சொல்லிட்டாங்க. மேடம் கேட்டைத் திறக்கக் கூடாதுன்னாங்க. என் வேலையும் போயிடும்மா."

"நான் மேடத்தப் பாத்து ஒரே வார்த்தை..."

அவள் கேட்டின் கொண்டியில் கை வைத்தாள். கோவிந்தப்பா மாடி ஜன்னலை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் யாரோ நின்றார்கள். அவர் இரண்டடி பின்னால் போய், அவள் முகத்தைப் பார்க்காமல், நில்லுங்கள் என்பதுபோலத் தலைக்கு மேலே கையைத் தூக்கினார்.

தூக்கிய கை அப்படியே நின்றது. உள்ளே நாற்பதும் அழுதன. தமயந்தி அந்தக் கையைப் பார்த்தாள். அடிவயிற்றில் ஒரு இழுப்பு இழுத்தது. இரண்டாவது இழுப்பும் இழுத்தது. மூன்றாவது பிடிக்கவில்லை.